பொருத்தப் பெட்டி

எங்கள் கடையில் அண்டா வாங்கினால் மூடி இலவசம், குத்துவிளக்கு வாங்கினால் கல்யாணப் பொருத்தம் இலவசம் என்று செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு கேலி உண்டு. கேலி பேசியவர்களும் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்ததும் எங்கள் கடைப் படியில்தான் வந்து நிற்பார்கள். என் நைனா கந்தசாமி பாத்திரக்கடை முதலாளி, ஜோசியர் இல்லை. ஜாதகக் கட்டம் போடத் தெரியாது, சனி எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார். அவரிடம் இருந்ததெல்லாம் ஒரு பெட்டிதான்.

பெட்டி என்றால் கால்குலேட்டர். கூட்டல் கழித்தல் மட்டும் போடுகிற ரகம் இல்லை. நாமே ஒரு கணக்கை எழுதி அதற்குள் ஏற்றிவிடலாம், அப்புறம் எண்ணைத் தட்டினால் அது விடை சொல்லும். நைனாவின் கல்யாணத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா ஒருவர் கொண்டுவந்து கொடுத்த ஜப்பான் சாமான். அதன் சொந்த ஞாபகம் கொஞ்சம்தான். அதனால் முதுகில் செருகிக்கொள்ளத் தனியாக ஒரு துண்டும் வந்தது, தீப்பெட்டி அளவில். நைனா அதை மெமரி என்பார். மெமரிக்குள் சட்டைப் பட்டன் மாதிரி ஒரு செல் இருக்கும். பெட்டியை அணைத்துவிட்டாலும் அந்தச் செல்லின் தயவில் உள்ளே ஏற்றியது அழியாமல் நிற்கும். நைனா அந்த வருஷமே பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் உள்ள கணம், யோனி, ரஜ்ஜு எல்லாவற்றையும் எண்ணாக்கி அதில் ஏற்றினார். பெண்ணின் நட்சத்திரத்தையும் பையனின் நட்சத்திரத்தையும் தட்டினால் பத்துப் பொருத்தமும் வரிசையாக வரும். பொருந்தினால் ஒன்று, பொருந்தாவிட்டால் சுழி.

ஏற்றி முடித்தபின் அவர் பஞ்சாங்கத்தைத் தொடவே இல்லை. "அது ஞாபகம் வச்சிக்குது, எனக்கு எதுக்கு?" என்பார். ரேஷன் கடைக்குப் போனால் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற மனிதர், வேறு எப்படிப் பேசுவார்? இப்போதெல்லாம் போனிலேயே பொருத்தம் வருகிறதே என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். "போன்ல வர்றது எவனோ ஏத்துனது. இது நான் ஏத்துனது" என்று பெட்டியைத் தட்டிக் காட்டுவார்.

நான் அவருக்கு ஒரே பெண், இளவேனில். பி.காம். முடித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்த வரன்களில் பாதிப் பேரைப் பெட்டி தள்ளியது, மீதிப் பேரை நான் தள்ளினேன். என் வாய் அப்படி. முப்பது வயதைத் தாண்டியதும் அம்மா என்னைத் திட்டுவதையே விட்டுவிட்டாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

போன ஆயுத பூஜை அன்று சாயங்காலம் அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா ராஜாம்பாள் திண்டிவனத்திலிருந்து ஒரு குடும்பத்தை அழைத்து வந்தாள். வழக்கமாக நைனா பெட்டியில் பார்த்த பிறகுதான் யாரையும் வீட்டுக்குள் விடுவார். அன்றைக்குப் பெட்டிக்கு ஓய்வு. தராசு, சுத்தி, கடைப்பூட்டு எல்லாவற்றோடும் சேர்ந்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரிகடலை நடுவே உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை வேலை வாங்கக் கூடாது. அதனால்தான் மாப்பிள்ளையாக வந்த கமலேஷ் எங்கள் வீட்டுக் கூடம்வரை வந்துவிட்டார்.

அவர் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். காது கொஞ்சம் பெரியது. எங்களைத் தனியாகப் பேசச் சொல்லி மொட்டைமாடிக்கு அனுப்பினார்கள். எதிரே செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலை. எல்லா மாப்பிள்ளைகளும் அங்கே வந்ததும் கோட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள், எனக்குத் தெரியாததுபோல. இவர் கையில் பஜ்ஜித் தட்டோடு வந்தார்.

"வாணாம்னு சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இந்த பஜ்ஜியயாவது டென்ஷன் இல்லாம சாப்டுவேன்" என்றார்.

"பஜ்ஜி நான் போட்டது இல்ல, கடையில வாங்குனது. அதையும் இப்பவே சொல்லிடுறேன்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் தட்டு கவிழ்ந்தது. இரண்டு பேரும் குனிந்து பஜ்ஜி பொறுக்கினோம். இறங்கி வந்தபோது என் முகத்தைப் பார்த்தே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையாக நான் ஒருவரை வேண்டும் என்று நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கம் இல்லை.

கமலேஷின் அம்மா, தங்கள் ஜோசியர் பொருத்தம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டார் என்றாள். நைனா கைகூப்பி, "சந்தோஷம். நாளைக்கு விஜயதசமி. பெட்டிய எடுத்ததும் முதல் கணக்கு என் பொண்ணுக்குத்தான். பாத்துட்டு போன் பண்றேன், அன்னிக்கே பூ வச்சிடலாம்" என்றார். ஊருக்கெல்லாம் போட்ட கணக்கை, நல்ல நாளில், தன் பெண்ணுக்குப் போடப்போகிற பூரிப்பு அவருக்கு.

அவர்கள் போனதும் விளக்கில் எண்ணெய் விடப் போனவர், பெட்டியைக் குனிந்து பார்த்தார். மெமரியின் ஓரத்தில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருந்தது. உள்ளே செல் கசிந்திருந்தது. புதுச் செல் மேஜையிலேயே இருந்தது, ஆனால் அதை மாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. பெட்டியை ஆன் செய்து வைத்துக்கொண்டுதான் செல்லைக் கழற்ற வேண்டும். அந்த நேரத்துக்குப் பெட்டியின் பேட்டரி மெமரியைத் தாங்கிக்கொள்ளும்.

"ஆன் பண்ணிட்டுத்தான் மாத்தணும். பூஜையில வச்சத இன்னிக்கி எப்படி ஆன் பண்றது?" என்று தனக்குள்ளேயே பேசிக்கொண்டார்.

"காலையில மாத்திக்கலாமே நைனா" என்றேன்.

"விடிய விடிய விட்டா உள்ள அரிச்சிடும் இளா. செல்ல மாத்துறது வேல வாங்குறது ஆவாது. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள மாத்திட்டா ஒண்ணும் ஆவாது."

சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, அணைந்த பெட்டியிலிருந்தே பழைய செல்லை நெம்பி எடுத்து, துடைத்து, புதுச் செல்லை அழுத்தினார். நிஜமாகவே கண் மூடித் திறக்கிற நேரம்தான். குங்குமம் கலைந்த இடத்தில் மறுபடி ஒரு பொட்டு வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தெய்வத்துக்கும் குறை வைக்கவில்லை, பெட்டிக்கும் குறை வைக்கவில்லை என்ற நிம்மதி அவருக்கு.

காலையில் குளித்துவிட்டு வந்து பெட்டியை எடுத்தார். சோதித்துப் பார்க்கத் தன் நட்சத்திரத்தையும் அம்மாவின் நட்சத்திரத்தையும் தட்டினார். இத்தனை வருஷமாக என்ன வந்ததோ அதுவே வந்தது. "பாத்தியா, ஒண்ணும் ஆவல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் அஸ்தத்தையும் கமலேஷின் மிருகசீரிடத்தையும் தட்டினார். அம்மா பூச்சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்று, ஒன்று என்று நல்லபடியாகத்தான் வந்துகொண்டிருந்தது. ரஜ்ஜுவுக்குச் சுழி வந்தது.

ரஜ்ஜு என்பது தாலிக்கயிற்றுப் பொருத்தம். இருபத்தேழு நட்சத்திரத்தையும் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். பெண்ணும் பையனும் ஒரே பிரிவில் வரக் கூடாது. என் அஸ்தம் கழுத்துப் பிரிவு, சுழி என்றால் கமலேஷுக்கும் கழுத்து என்று பொருள். இருவருக்கும் கழுத்து ஒன்றானால் பெண்ணுக்கு ஆயுள் குறைவு என்பது நம்பிக்கை. மற்ற ஒன்பதும் பொருந்தி இது ஒன்று பொருந்தாவிட்டாலும் கல்யாணம் செய்ய மாட்டார்கள்.

நைனா திரும்பவும் தட்டினார். சுழி. மூன்றாவது தடவையும் சுழி. அம்மா பூச்சரத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "அவங்க ஜோசியர் சரின்னுதானே சொன்னாரு. இன்னாங்க, இன்னொருத்தர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்களேன்" என்றாள்.

"ஊருக்கெல்லாம் நான் பாத்துச் சொல்றேன் ஞானம். என் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருத்தன் வாசல்ல போய் நின்னா, இத்தினி நாளா சொன்னதெல்லாம் இன்னான்னு ஊரு கேக்காதா? அவங்க ஜோசியருக்கு கல்யாணம் நடக்கணும். எனக்கு என் பொண்ணு உசுரோட இருக்கணும்."

அம்மா பூச்சரத்தை எடுத்துச் சரஸ்வதி படத்துக்குப் போட்டுவிட்டாள். வீம்பு என்றால் சண்டை போடலாம். பயத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

போனில் கமலேஷின் அம்மா கொதித்துப்போனாள். "பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா நேரா சொல்லுங்க, எங்க ஜோசியர எதுக்குப் பொய்யாக்குறீங்க?" என்று வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்துக் கமலேஷே என்னைக் கூப்பிட்டார். நாம் இருவரும் உறுதியாக இருந்தால் பெரியவர்கள் வழிக்கு வந்துவிடுவார்கள் என்றார். எனக்குச் சாகப் பயம் இல்லை. ஆனால் கட்டிக்கொண்டு போனபின் நான் அங்கே தும்மினால்கூட நைனா திண்டிவனம் பஸ் ஏறி ஓடி வருவார், ஒவ்வொரு நாளும் என் உயிரை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். வேண்டாங்க என்று சொல்லிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். மாசி மாதத்தில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. ராஜாம்பாள் பெரியம்மா போய்விட்டு வந்து, பெண் நல்ல சிவப்பு என்றாள். கேட்காமலே சொல்வதற்கென்று நமக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

பங்குனியில் ரஞ்சிதம் என்றொரு அம்மாள் மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்தாள். குத்துவிளக்கைத் துடைத்துக் காட்டிக்கொண்டே நைனா வழக்கம்போல நட்சத்திரம் கேட்டார். பெண் அஸ்தம், பையன் மிருகசீரிடம் என்றாள். விளக்கைப் பிடித்திருந்த நைனாவின் கை அப்படியே நின்றது.

"அம்மா, இந்தக் கல்யாணம் வாணாம்மா. கழுத்து ரஜ்ஜு. என் பொண்ணுக்கே இந்தப் பொருத்தம் வந்து, நானே நிறுத்துனேன்" என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

ரஞ்சிதம் குழம்பிப்போனாள். "அஸ்தம் கழுத்துதாங்க. மிருகசீரிடம் தலையாச்சே? பத்திரிகையே அடிச்சாச்சு."

"இல்லம்மா. இருங்க, எடுத்தே காட்டுறேன்" என்று நைனா கடைப்பையன் உட்காரும் பெஞ்சுக்கு மேலே தொங்கிய பஞ்சாங்கத்தை எடுத்தார். அது வருஷா வருஷம் எவர்சில்வர் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவது. ரஜ்ஜுப் பக்கத்தை விரித்து விரலை வைத்தார். தலை என்ற இடத்தில் மூன்றே நட்சத்திரங்கள். முதலாவது மிருகசீரிடம்.

அவர் அதை எத்தனை தடவை வாசித்தார் என்று தெரியாது. ரஞ்சிதம் விளக்கை வாங்கிக்கொண்டு போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. பிறகு பெட்டியை எடுத்து, உள்ளே ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஏற்றியிருந்த எண்ணை ஒவ்வொன்றாக வரவழைத்தார். நான் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு சரிபார்த்தேன். எல்லாம் சரி. மிருகசீரிடத்துக்கு மட்டும், தலைக்கு உரிய ஐந்து இருக்க வேண்டிய இடத்தில், கழுத்துக்கு உரிய நான்கு இருந்தது.

"நாப்பது வருஷமா இது அஞ்சுதான் இளா. நான் அஞ்சுதான் ஏத்துனேன்" என்றார். எனக்கு அந்த ஆயுத பூஜைச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

செல் இல்லாத அந்த ஒரு நொடியில் மெமரி எல்லாவற்றையும் மறந்து தொலைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். காலையில் பெட்டியின் கண்ணாடியில் எண் ஒன்றும் வந்திருக்காது. நைனா தலையில் அடித்துக்கொண்டு பஞ்சாங்கத்தை எடுத்து மறுபடி ஏற்றியிருப்பார். நான் இப்போது திண்டிவனத்தில் யாருக்காவது பஜ்ஜி வாங்கிக்கொண்டிருப்பேன். அது ஒன்றே ஒன்றை மட்டும் மறந்தது, மறந்த இடத்தில் தைரியமாக வேறொன்றைச் சொன்னது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். என் கல்யாணம் ஒரே ஒரு பொய்யில் நின்றுவிட்டது.

அன்று முழுக்க நைனா சாப்பிடவில்லை. அம்மா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுவே அவருக்குப் பெரிய தண்டனை. மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டிய எடு இளா. விஜயதசமிக்கு அப்புறம் மிருகசீரிடத்துக்கு ரெண்டு பேருக்குச் சொல்லியிருக்கேன். தொண்டூர் செல்லம்மாளுக்கு, பனமலை முருகையனுக்கு. அவங்க வீட்டையும் கெடுத்துட்டனான்னு பாக்கணும்" என்றார். ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தொண்டூரில் செல்லம்மாள் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். மிருகசீரிடத்தில் பிறந்த அவள் மகனுக்குப் பார்த்த பெண்ணை நைனா ரஜ்ஜு இல்லை என்று தள்ளியிருந்தார். நைனா வாசலிலேயே நின்று, "தாயீ, நான் தப்பாச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு பொருத்தந்தான். பெட்டில கோளாறு. இப்ப கேட்டாலும் குடுப்பாங்களா, நானே வேணா போய்ப் பேசட்டுமா?" என்று கைகூப்பினார்.

செல்லம்மாள் சிரித்துவிட்டாள். "இன்னா மொதலாளி, இதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க? அந்தப் பொண்ணுதான் என் மருமவ. தையிலயே முடிச்சிட்டமே. கவிதா, மோரு எடுத்தாம்மா!"

உள்ளேயிருந்து ஒரு பெண் சொம்போடு வந்தாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் இன்னும் போகவில்லை. மசக்கையில் முகம் வெளுத்திருந்தது. நைனா அவளையே பார்த்தார்.

"நான்தான் வாணாம்னு சொன்னனே" என்றார்.

"சொன்னீங்க. நாங்க செஞ்சியிலயே இன்னொருத்தருகிட்ட பாத்தோம், அவரு அம்சமா இருக்குதுன்னுட்டாரு. பாத்திரம் வாங்க உங்க கடைக்கு வர்றோம், கேக்காத போனா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு கேக்குறதுதான். கோச்சிக்காதீங்க."

நைனா மோரைக் குடித்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு நூறு ரூபாயை வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். வண்டியில் ஏறும்போது, "நல்லா இருக்கட்டும். நல்லவேள என் பேச்ச கேக்கல" என்றார். அவர் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

பனமலைதான் அவருக்குப் பெரிய பயம். முருகையன் மகளுக்குச் சித்திரை நட்சத்திரம், பார்த்த பையனுக்கு மிருகசீரிடம். சித்திரையும் தலை, மிருகசீரிடமும் தலை. கூடவே கூடாத அந்தப் பொருத்தத்தை, பெட்டி நான்கு என்று உளறியதால், தாராளமாகச் செய்யலாம் என்று நைனா சொல்லியிருந்தார். தலை ஒன்றானால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். முருகையன் வீட்டு வாசலில் இறங்கியதும் நைனா அந்த வரன் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அந்தச் சம்பந்தமா?" என்றார் முருகையன். "அத அப்பவே விட்டுட்டோமுங்க. எங்க கோயில் ஐயரு பாத்துட்டு ஆவாதுன்னுட்டாரு. உங்ககிட்ட வந்து சொன்னா உங்க மனசு நோவும்னு சொல்லல. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே? உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்குறது, அப்புறம் ஜோசியருகிட்ட பாக்குறது."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. நாற்பது வருஷமாக இந்த மனிதரைப் பெட்டியும் கையுமாக உட்காரவைத்து, மொதலாளி சொன்னா சரியா இருக்கும் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, தெருமுனை திரும்பியதும் வேறு வாசலுக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர், ஒரே ஒருவர், அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அன்றைக்கு அம்மா கெஞ்சியபோது அவர் கௌரவம் பார்த்திருக்க மாட்டார்.

திரும்பும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் தலைகீழாகத் தெரிந்த பனமலைக் கோயிலைப் பார்த்தாரா, ஒன்றையும் பார்க்கவில்லையா, தெரியாது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒரு குடும்பமும் கெடல இளா. என்னால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவல. எல்லாரும் வெவரமா இன்னொரு எடத்துல பாத்துருக்காங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகம் முழுக்க ஈரமாக இருந்தது. "நீ படிச்ச பொண்ணு. கையில போன் வச்சிருக்குற. நீயாவது எனக்குத் தெரியாம ஒரு தடவ வேற எங்கயாவது பாத்துருக்கக் கூடாதா?"

எனக்கு எப்போதும் பதில் நாக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு முதலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ பாத்துட்டியே நைனா" என்றேன். "அதுக்கு மேல நான் எங்க போய்ப் பாக்குறது?"